குங்குமப்பூ: விலை தெரிகிறது, செடி தெரிவதில்லை

கடலூர்ப் பக்கம் ஒரு பெண் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் ஆப்பிள், மாதுளையோடு ஒரு கிராம் குங்குமப்பூ டப்பியையும் கொண்டு வருவார்கள். குழந்தை சிவப்பாகப் பிறக்கணுமாம். நான் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தே ஆர்டருக்கு இனிப்பு செய்து கொடுக்கிறேன், அதில் வளைகாப்பு ஆர்டர்தான் நிறைய, அதனால் குங்குமப்பூவைப் பற்றி என்னிடம் கேட்காத ஆளில்லை. எது ஒரிஜினல், ஏன் இந்த விலை, பாலில் எத்தனை இழை போடணும், இப்போது புதிதாக, "வீட்டு ரூமிலேயே வளர்க்கலாமாமே அக்கா, யூடியூப்ல போட்டிருக்காங்க" என்பது வரை. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதை விட இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கேள்விகள் அத்தனைக்கும் பதில் அந்தச் செடியிடமே இருக்கிறது. நம் ஊரில் யாரும் அதைப் பார்த்ததில்லை, அதனால்தான் யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுகிறோம்.

முதலில் சிவப்பு விஷயத்தை முடித்துவிடுகிறேன். குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்காது. தோலின் நிறம் மெலனின் என்ற நிறப்பொருளால் வருவது, அது எவ்வளவு இருக்கும் என்பது அப்பா அம்மாவிடமிருந்து வரும் மரபணுக்களில் முடிவாகிவிடுகிறது. தாய் குடிக்கும் பாலில் எந்த நிறம் கலந்திருந்தாலும் அது குழந்தையின் தோலுக்குப் போய்ச் சேராது. ஒருவேளை சேர்ந்தாலும் குங்குமப்பூவின் சாயம் மஞ்சள்! இதை நான் வளைகாப்பு வீடுகளிலேயே நேராகச் சொல்கிறேன். முதல் பிள்ளை கறுப்பாகப் பிறந்துவிட்டது, இந்த முறை ஒழுங்காகக் குங்குமப்பூ குடி என்று ஏழாம் மாதத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அந்த முதல் பிள்ளை பக்கத்திலேயே பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. மனசே ஆறவில்லை. இன்னொன்று, சிட்டிகை அளவில் சமையலில் சேர்வது வேறு, அள்ளிப் போட்டுக் குடிப்பது வேறு. அதிக அளவில் எடுத்தால் கர்ப்பப்பையைச் சுருங்கத் தூண்டும் தன்மை அதற்கு உண்டு, அதனால் மாசமாக இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை ஒருமுறை சொன்னபோது எங்கள் சின்ன அத்தை கேட்டார்: "கலருக்கு இல்லன்னா, எதுக்குடி இவ்ளோ காசு குடுத்து வாங்குறாங்க உலகத்துல?"

அருமையான கேள்வி. அதற்குச் செடியைத்தான் பார்க்க வேண்டும்.

குங்குமப்பூச் செடிக்கு விதை கிடையாது. இதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. குரோக்கஸ் சட்டைவஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். சாதாரணமாகச் செடிகளுக்குக் குரோமோசோம்கள் இரண்டு தொகுதியாக இருக்கும், இதற்கு மூன்று தொகுதி, எட்டு எட்டாக மொத்தம் 24. மூன்றை இரண்டாகச் சமமாகப் பிரிக்க முடியாது இல்லையா, அதனால் ஒழுங்கான மகரந்தமும் உருவாவதில்லை, சூலும் உருவாவதில்லை. பூ பூக்கும், காய்க்காது. பிறகு எப்படி இத்தனை ஆயிரம் வருஷம் தாக்குப்பிடித்தது? மண்ணுக்கடியில் சின்ன வெங்காயத்தை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கிழங்கு இருக்கிறது. அது பூத்து, இலை விட்டு, அந்த இலை குளிர்காலம் முழுக்க வெயிலை வாங்கிச் சேமித்து, தாய்க் கிழங்கு சுருங்கிப் போகும்போது அதன் மேலேயே சில குட்டிக் கிழங்குகளை உண்டாக்கிவிட்டுப் போகிறது. அந்தக் குட்டிகளைத் தோண்டி எடுத்து, பிரித்து, வேறு இடத்தில் நட மனிதன் வேண்டும். காட்டில் இந்தச் செடி எங்கேயும் தானாக வளர்வதில்லை. இன்று ஈரானில் பூப்பதும் காஷ்மீரில் பூப்பதும் ஸ்பெயினில் பூப்பதும் ஏறக்குறைய ஒரே செடியின் பிரதிகள்தான். யாரோ ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு, மூட்டை மூட்டையாக, கிழங்காகவே உலகம் சுற்றி வந்திருக்கிறது. எனக்கு இதை நினைக்க நினைக்கப் பிரமிப்பாக இருக்கிறது: நடுவில் ஒரு தலைமுறை "இதெல்லாம் யார் தோண்டுவது" என்று விட்டிருந்தால் அந்த ஊரில் அன்றோடு முடிந்திருக்கும்.

அது எங்கே தொடங்கியது என்பது ரொம்ப நாள் சண்டையாக இருந்தது. ஈரான் என்பார்கள், காஷ்மீர் என்பார்கள். 2019ல் வெளிவந்த மரபணு ஆய்வுகள், கிரேக்கத்தில் ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகா பகுதியில் இன்றும் காட்டுச் செடியாக வளரும் குரோக்கஸ் கார்ட்ரைட்டியானஸ் என்ற உறவுக்காரச் செடியிலிருந்துதான் இது வந்தது என்று காட்டின. அது விதை விடும் செடி. அதற்கும் சிவப்பு இழை உண்டு, ஆனால் குட்டையானது. அந்த இனத்தில் எப்போதோ நீள இழையோடு மலடாக ஒரு செடி பிறந்திருக்கிறது, யாரோ கவனித்து எடுத்து வைத்துக்கொண்டார்கள். கிரேக்கத்தின் சந்தோரினி தீவில் எரிமலை வெடித்துச் சாம்பலில் மூடிப்போன அக்ரோத்திரி என்ற ஊரைத் தோண்டியபோது, சுமார் 3,600 வருஷம் பழைய சுவரோவியங்கள் கிடைத்தன. பெண்கள் பாறைச் சரிவில் ஏறி இந்தப் பூக்களைக் கிள்ளுகிறார்கள், கூடையில் சேர்க்கிறார்கள், ஒரு குரங்கு இழைகளை எடுத்து ஒரு தேவிக்கு நீட்டுகிறது. அந்தப் படங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள், கிள்ளுகிற விரல்களின் வாகு நம் ஊர்ப் பெண்கள் முல்லை பறிப்பது மாதிரியே இருக்கும்.

அங்கிருந்து பாரசீகம், அப்புறம் காஷ்மீர். காஷ்மீருக்கு எப்போது வந்தது என்பதற்குக் கதைகள் பல, ஆனால் 12ஆம் நூற்றாண்டில் கல்ஹணர் எழுதிய காஷ்மீர் மன்னர்களின் வரலாறான ராஜதரங்கிணியிலேயே காஷ்மீரின் பெருமைகளில் ஒன்றாகக் குங்குமப்பூ வந்துவிடுகிறது. ஐரோப்பாவில் அது பொன்னுக்குச் சமமாக நடமாடியது, ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்தில் 15ஆம் நூற்றாண்டில் கலப்படக் குங்குமப்பூ விற்றவர்களைச் சரக்கோடு சேர்த்து எரித்தே இருக்கிறார்கள். இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், புத்த பிக்குகளின் காவி ஆடை குங்குமப்பூவில் சாயம் போட்டது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். இந்த விலையில் ஒரு துறவி ஆடையை முக்க முடியுமா? தேரவாதம் என்ற பௌத்தப் பிரிவின் பிக்குகள் வழிவழியாகப் பலா மரத்தின் உட்கட்டையைக் கொதிக்க வைத்து எடுக்கும் சாயத்தைப் பயன்படுத்தியவர்கள். பண்ருட்டியில் பலா மரம் அறுப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த மஞ்சள் தெரியும்.

சரி, விலைக்கு வருவோம்.

ஒரு பூவில் ஆறு ஊதா இதழ், நடுவில் மூன்று மஞ்சள் மகரந்தத் தாள், அதற்கும் நடுவிலிருந்து மூன்றாகப் பிரிந்து தொங்கும் ஒரு சிவப்புச் சூல்முடி. நமக்கு வேண்டியது அந்தச் சிவப்பு மட்டும். காய்ந்த பிறகு ஒரு பூவின் மூன்று இழையும் சேர்ந்து ஏழு மில்லிகிராம் அளவுக்குத்தான் நிற்கும். அப்படியென்றால் ஒரு கிராமுக்குச் சுமார் 150 பூ, கிலோவுக்கு ஒன்றரை லட்சம் பூ. பூ வருஷத்தில் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை சில வாரம்தான் பூக்கும். ஒரு பூவின் ஆயுசு ஒன்றிரண்டு நாள். வெயில் ஏறி இதழ் விரிந்துவிட்டால் இழை வாடத் தொடங்கும், அதனால் விடியற்காலையில், அரைகுறையாக மூடியிருக்கும்போதே கிள்ள வேண்டும். பூ தரையிலிருந்து நாலைந்து விரல் உயரத்தில்தான் நிற்கும், முழுக்கக் குனிந்தபடியே வேலை. அன்று பறித்ததை அன்றைக்கே வீட்டில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, பூவைப் பிரித்து, இழையை விரல் நகத்தால் கிள்ளி எடுத்து, உலர்த்தப் போட வேண்டும். இதற்கெல்லாம் மெஷின் இன்னும் பெரிதாகப் புழக்கத்துக்கு வரவில்லை. இத்தனை மெல்லிய பூவை நசுக்காமல் எடுக்க விரல்தான் வேண்டியிருக்கிறது. அத்தைக்கு நான் சொன்ன பதில் இதுதான்: நீங்கள் கொடுக்கிற காசு கலருக்கு இல்லை அத்தை, அந்தக் குனிந்த முதுகுக்கு.

உலர்த்துவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பச்சை இழையில் நமக்குத் தெரிந்த அந்த வாசனை பெரிதாக இருக்காது. அதில் பிக்ரோகுரோசின் என்று ஒரு கசப்புப் பொருள் இருக்கிறது, காயும்போதுதான் அது உடைந்து சஃப்ரனால் என்ற வாசனைப் பொருளாக மாறுகிறது. குறைவாகக் காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும், சூடு அதிகமானால் நிறமும் மணமும் போய்விடும். நல்ல குங்குமப்பூவை முகர்ந்தால் தேனும் காய்ந்த வைக்கோலும் கலந்த ஒரு வாசனை வரும், நாக்கில் வைத்தால் கசக்கும். இனித்தால் அதில் சர்க்கரைப்பாகோ வேறு எதுவோ தடவியிருக்கிறது.

உலக விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்கு கிட்டத்தட்ட ஈரானுடையது, பெரும்பகுதி குராசான் பகுதியில். இந்தியாவில் ஸ்ரீநகரை அடுத்த பாம்பூர்தான் மையம், கிஷ்த்வாரிலும் கொஞ்சம் விளைகிறது. பாம்பூர் மேட்டு நிலங்களைக் கரேவா என்கிறார்கள். ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடத்தில் படிந்த வண்டல், தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும். அங்கே பெரும்பாலும் மழையை நம்பித்தான் விவசாயம். செப்டம்பர், அக்டோபரில் ஒரு நல்ல மழை தப்பினால் பூ குறைந்துவிடும். மழை ஏமாற்றுவது, கிழங்கு அழுகல் நோய், நிலம் வீட்டு மனையாவது, பக்கத்துச் சிமென்ட் ஆலைகளின் தூசி என்று அங்குள்ள விவசாயிகள் வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். 1990களின் நடுவில் 5,700 ஹெக்டேரை ஒட்டி இருந்த பரப்பு 2010 வாக்கில் 3,700 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. மத்திய அரசு 2010ல் சுமார் 400 கோடி ரூபாயில் தேசியக் குங்குமப்பூ இயக்கத்தைத் தொடங்கியது, 2020ல் காஷ்மீர்க் குங்குமப்பூவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பணமும் முத்திரையும் வந்தும் விவசாயியின் கவலை தீரவில்லை. நெல்லோ கரும்போ ஒரு வருஷம் போனால் அடுத்த வருஷம் விதை வாங்கலாம். இங்கே கிழங்கு அழுகினால் விதையும் போச்சு, விளைச்சலும் போச்சு.

இப்போது நம் கடைத்தெருவுக்கு வருகிறேன். நான் பொருள் வாங்க அடிக்கடி பாண்டிச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் போவேன். அங்கே ஒரு நாட்டு மருந்துக் கடையில் குங்குமப்பூ கேட்டபோது, சாக்குப்பையைத் திறந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிடி அள்ளிக் காட்டினார்கள். "அக்கா, இது பாலுக்கு நல்லா கலர் விடும், மாசமா இருக்கிறவங்க இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க." அது குசும்பாப் பூவின் இதழ். எண்ணெய் வித்துக்காக வளர்க்கும் அதே குசும்பா. அதை அந்தப் பெயரிலேயே விற்றால் தப்பே இல்லை. ஆனால் குழந்தை சிவப்பாகும் என்று கடன் வாங்கியாவது வாங்க வருகிற ஒரு அம்மாவிடம் குங்குமப்பூ என்று சொல்லிக் கொடுப்பது அநியாயம். வாங்குகிறவர் நிறத்தைத்தான் தேடுகிறார், விற்கிறவர் நிறத்தைக் கொடுத்துவிடுகிறார், வாசனையை யாரும் முகர்ந்து பார்ப்பதே இல்லை. சாயமேற்றிய சோளக்கதிர் நார், பூவின் அடிப்பகுதி மஞ்சள் தண்டுக்குச் சிவப்பு ஏற்றியது என்று கலப்படத்தில் இன்னும் பல வகை உண்டு.

நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். பவுடராக ஒருநாளும் வாங்க மாட்டேன், இழையாக மட்டும்தான். ஒரு இழையை வெள்ளைத் தட்டில் வைத்து ஈர விரலால் லேசாக நீவி நேராக்கினால், ஒரு முனை மெல்லிசாக இருக்கும், மறுமுனை நாதஸ்வரத்தின் வாய் மாதிரி விரிந்து, ஓரத்தில் சின்னச் சின்னப் பிசிறோடு இருக்கும். இந்த வடிவத்தைப் போலியாகச் செய்வது கஷ்டம். குசும்பா இதழ் தட்டையாக, நுனி கிழிந்த காகிதத் துண்டு போலத் தெரியும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் டபராவில் எடுத்து இரண்டு இழை போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும். உடனே குபீரென்று சிவப்பு இறங்கினால் அது சாயம். அசல் இழை அவசரப்படாது. முதலில் இழையைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு கிளம்பும், கால் மணி நேரத்தில் தண்ணீர் பொன்னிறமாகும், இழை அப்போதும் சிவப்பாகவே கிடக்கும், விரலால் தேய்த்தாலும் கரையாது. காஷ்மீர்ச் சரக்கில் லச்சா என்றால் சிவப்போடு அடி மஞ்சள் தண்டும் சேர்ந்திருக்கும், மோங்ரா என்றால் சிவப்பு மட்டும், அதனால் விலை கூடுதல். லச்சா மட்டமில்லை, எடையில் கொஞ்சம் தண்டும் வருகிறது, அவ்வளவுதான். பாம்பூர் அருகே துஸ்ஸூவில் உள்ள குங்குமப்பூ வணிக மையத்தில் சோதித்துப் புவிசார் குறியீட்டு முத்திரையோடு வருகிற டப்பியை வாங்கினால் நிம்மதி.

சமையலுக்கு ஒரே ஒரு குறிப்பு. கேரட், தக்காளியின் நிறப்பொருள்கள் எண்ணெயில் கரையும். குங்குமப்பூவுக்கு நிறம் தரும் குரோசினும் அதே குடும்பம்தான், ஆனால் தண்ணீரில் கரையும். அதனால் நெய்யில் போட்டு வதக்காதீர்கள், காசு கருகும். ஒரு சிட்டிகையை விரலால் பொடித்து, இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான பாலில் அரை மணி ஊற விட்டு, அக்காரவடிசலோ பாயசமோ அடுப்பிலிருந்து இறக்கும் நேரத்தில் அந்தப் பாலை ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க வாசனை ஆவியாகிவிடும். கூடவே ஏலக்காய், பச்சைக்கற்பூரம் இரண்டையும் தாராளமாகப் போட்டால் குங்குமப்பூ காணாமல் போய்விடும், நான் பச்சைக்கற்பூரம் சேர்க்கும் நாளில் குங்குமப்பூவைத் தொடுவதில்லை. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுச் சமையல் செய்யும் சில இடங்களில் பூயாபேஸ் என்று மீன் சூப் கிடைக்கும், மார்செய் துறைமுகத்து மீனவர்களின் உணவு, அதில் குங்குமப்பூ போடுவார்கள். மீனோடு அது எவ்வளவு நன்றாகப் போகிறது என்று தெரிந்தபோது, இதை இனிப்புக்கும் பாலுக்கும் மட்டும் நாம் ஒதுக்கி வைத்துவிட்டோமே என்று தோன்றியது.

கடைசியாக அந்த ரூம் விவசாயம். பொய் என்று சொல்ல மாட்டேன். பூப்பதற்கான சத்து முழுக்கக் கிழங்குக்குள்ளேயே இருப்பதால், மண்ணே இல்லாமல் தட்டில் அடுக்கி வைத்தாலும் பூக்கும். ஆனால் அது கேட்கிற குளிர் வேண்டும். கோடையில் உறங்கும்போது 25 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் கிழங்குக்குள் பூமொட்டு உருவாகிறது, வெளியே வர 17 டிகிரி அளவுக்கு இறங்க வேண்டும். நம் ஊரில் மே மாதம் 40 டிகிரி, அங்கே பூப் பறிக்கிற அதே ஐப்பசி கார்த்திகையில் நமக்கு அடைமழையும் புயலும், வெளியே நட்டால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். ஆக, மாதக்கணக்கில் ஏசி. பூத்து முடிந்த பிறகு குட்டிக் கிழங்கு உண்டாக மண்ணும், நல்ல வெளிச்சமும், மறுபடி மாதக்கணக்கில் குளிரும் வேண்டும். அதைக் கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம் கிழங்கு சிறுத்துப் பூக்காது, புதுசு வாங்க வேண்டியதுதான். விளம்பரங்களில் இந்தப் பாதி வருவதில்லை.

கணக்கு போட்டுப் பாருங்கள். கிழங்கு ஒன்று பத்து கிராம் என்று வைத்துக்கொண்டால் நூறு கிலோவில் 10,000 கிழங்கு. ஒன்றுக்கு இரண்டு பூ என்றாலும் 20,000 பூ. 150 பூவுக்கு ஒரு கிராம் என்றால் மொத்தம் 130 கிராம் சொச்சம். அதை உங்கள் ஊர்க் கடை விலையால் பெருக்கி, நூறு கிலோ கிழங்கின் விலை, ரேக், ஏசி, கரண்ட் பில், பயிற்சிக் கட்டணம் எல்லாவற்றையும் கழியுங்கள். வேலையை விட்டுவிட்டு, நகையை அடகு வைத்து இதில் இறங்கப் போகிறேன் என்று ஒரு தம்பி சொன்னபோது இந்தக் கணக்கைத்தான் எழுதிக் காட்டினேன், யோசிக்கிறேன் அக்கா என்று போயிருக்கிறான்.

ஆசைக்கு வளர்ப்பது வேறு. பத்துப் பதினைந்து நல்ல கிழங்கு வாங்கி, படுக்கையறை ஏசியிலேயே ஒரு மூலையில் வைத்துப் பூக்க வைத்தவர் யாராவது கடலூர், பாண்டிச்சேரிப் பக்கம் இருந்தால் அவசியம் எனக்குச் சொல்லுங்கள். அந்தப் பூவை ஒருமுறை நேரில் பார்த்து, என் விரலால் ஒரு இழையைக் கிள்ளி எடுக்கணும். பாயசம் நான் கொண்டு வருகிறேன்.